சங்கத்து வண்டியின் செல்ஃப் மோட்டார்: பழுதறிதலும் பழுது நீக்கலும்

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு நாள், பென்னாகரம் வட்டாரத்துச் சங்கம் ஒன்றன் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். காலை ஐந்து மணி. இரவெல்லாம் பெய்த தூறல் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சங்கக் கட்டடத்தின் முன்னே, இருபது ஆண்டுகளைக் கடந்த டீசல் சுமைவண்டி ஒன்று பட்டுக்கூட்டுப் பைகளுடன் நின்றது. ஏழெட்டு அங்கத்தினர்களின் கூடுகள் அதில் இருந்தன. அவை காலை ஏலத்திற்குத் தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியை அடைந்தாக வேண்டும். ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். “டக், டக், டக்” என்று அடுத்தடுத்து ஒலி எழுந்தது. எஞ்சின் அசையவில்லை.

“செல்ஃப் போயிடுச்சுங்க, சார். ரெண்டு மாசத்துக்கு முன்னாலதான் புதுசு போட்டோம்” என்றார் அவர்.

அச்சொற்கள் நம்மைச் சுட்டன. அந்தப் புதிய மோட்டாருக்கான செலவு முந்திய ஆய்வின்போது நம் பார்வைக்கு வந்ததேயாகும். மூன்று விலைப்புள்ளிகள் இருந்தன. நிர்வாகக் குழுவின் தீர்மானம் முறைப்படி இருந்தது. செலவுச் சீட்டில் கையொப்பங்கள் இருந்தன. குறையொன்றுமில்லை என எழுதிவிட்டு வந்தோம். ‘பழைய மோட்டார் பழுதுதான் என்பதை யார் சோதித்தார்? எவ்வாறு சோதித்தார்?’ என்னும் கேள்வியை மட்டும் நாம் கேட்கவில்லை.

அங்கத்தினர்கள் ஒன்றுகூடி வண்டியைச் சரிவு வரை தள்ளினர். கியரில் விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆயினும், தருமபுரியை அடைந்தபோது நேரம் கடந்துவிட்டது. பட்டுக்கூடு காத்திருக்கும் பொருளன்று. பறித்த கூடு நாளுக்கு நாள் ஈரம் வற்றி எடை குறையும். கூடு கட்டத் தொடங்கிய பத்துப் பன்னிரண்டு நாட்களில் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறும். துளைபட்ட கூட்டிலிருந்து அறுபடாத நீள இழையாக நூல் எடுக்க இயலாது. வண்டியைத் தள்ளியவர்களுக்குப் பின்னால் நடந்து வந்த மூதாட்டி ஒருவர், “பேத்திக்குக் காலேஜுப் பணம் கட்ட இந்தக் கூட்டைத்தான் நம்பியிருக்கேன், தம்பி” என்று நம்மிடம் சொன்னார். அவருக்கு மறுமொழி கூற நமக்கு நா எழவில்லை.

அன்று மாலை, வண்டிகளின் மின்பணியில் முதிர்ந்த தொழிலாளி ஒருவரைச் சங்கத்தார் அழைத்து வந்தனர். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. முதலில் ஒரு வோல்ட் மீட்டரை எடுத்தார். கால் மணி நேரத்தில் பழுதைக் கண்டார். மோட்டாரில் குறை இல்லை, பேட்டரியிலும் இல்லை. சட்டத்தையும் எஞ்சினையும் இணைக்கும் எர்த்து பட்டை, திருகாணியின் அடியில் துருப்பிடித்திருந்தது. அப்பட்டை மோட்டாரைத் தாங்கும் போல்ட் ஒன்றோடு சேர்த்தே முறுக்கப்பட்டிருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் பழைய மோட்டாரைக் கழற்றியபோது அந்தப் போல்ட்டும் கழன்று, துரு சற்றே சுரண்டப்பட்டது. புதிய மோட்டாரைப் பூட்டியபோது இணைப்பு தற்காலிகமாகச் சீர்பட்டது. வண்டி ஓடியது, எல்லாரும் புதிய மோட்டாரின் பயன் என்று நம்பினர். மழையின் ஈரம் பட்டதும் பழைய குறை மீண்டது. குறையற்ற பழைய மோட்டாரோ, மாற்றுக் கழிவுக்காகக் கடையில் கொடுக்கப்பட்டுவிட்டது. எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை இது.

கல்லூரியில் பௌதிகம் பயின்றும் அன்று அத்தொழிலாளியிடம் நாம் கற்றதை அங்கத்தினர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் பாடமாகத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. செல்ஃப் மோட்டார் செய்யும் வேலை

எஞ்சின் தானாகத் தொடங்காது. அதன் தண்டை வெளியிலிருந்து ஒரு சக்தி சுழற்றி, காற்றை உள்ளிழுத்து அழுத்திக் கொடுக்க வேண்டும். முற்காலத்தில் வண்டியின் முகப்பில் கைப்பிடியைச் செருகி மனிதனே சுழற்றினான். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிவதுண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின் தொடக்கி 1912 ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்ற பின், அத்துன்பம் படிப்படியாக மறைந்தது. நம் நாட்டில் சென்னை பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை 1960களிலிருந்து இத்தகைய மோட்டார்களைச் செய்து வருகிறது.

இதன் அமைப்பைச் சுருங்கச் சொல்வோம். பேட்டரியிலிருந்து தடித்த கம்பி ஒன்று சாலனாய்டு சுவிட்சுக்கு வருகிறது. சாவியைத் திருப்பும்போது மெல்லிய கம்பி வழியே சிறு மின்னோட்டம் சாலனாய்டை அடைந்து, அதனுள் உள்ள இரும்புத் தண்டைக் காந்த சக்தியால் இழுக்கிறது. இழுபட்ட தண்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒருபுறம், மோட்டாரின் சிறு பல்சக்கரத்தை முன்னே தள்ளி, எஞ்சினின் ஃப்ளைவீல் விளிம்பிலுள்ள பெரிய பல்வளையத்தில் மாட்டுகிறது. மறுபுறம், இரண்டு செம்புத் தொடுமுனைகளை இணைத்துப் பெரிய மின்னோட்டத்தை மோட்டாருக்குள் விடுகிறது. மிகப் பழைய சில வண்டிகளில், தண்டு தள்ளாமல், மோட்டார் சுழலும் வேகத்தாலேயே பல்சக்கரம் திருகுவரையில் ஏறிச் சென்று மாட்டிக்கொள்ளும். அதனைப் பெண்டிக்ஸ் என்பர்.

மோட்டாரினுள் சுழலும் பகுதி ஆர்மேச்சர். அதன் முனையில் செம்புத் துண்டுகளாலாகிய காமுட்டேட்டர் உள்ளது. அதன்மீது கார்பன் பிரஷ்கள் வில்லால் அழுத்தப்பட்டு, மின்சாரத்தைச் சுழலும் கம்பிச்சுற்றுகளுக்குக் கொடுக்கின்றன. ஆர்மேச்சரின் இரு முனைகளையும் வெண்கலப் புஷ்கள் தாங்குகின்றன.

சிறு சக்கரத்தின் பற்கள் ஏறக்குறைய பத்து. பெரிய வளையத்தின் பற்கள் நூற்றுக்கு மேல். ஆகவே எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்ற, மோட்டார் பத்து முதல் பதினைந்து சுற்றுகள் சுற்ற வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்ட பின் இதுவே தலைகீழாகி, எஞ்சின் மோட்டாரைச் சுழற்றத் தொடங்கினால், ஆர்மேச்சர் நிமிடத்திற்குப் பதினாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழன்று சிதறிவிடும். அதனைத் தடுக்கவே ஒருவழிக் கிளச்சு ஒன்று பல்சக்கரத்தோடு அமைந்திருக்கிறது.

2. வாய்க்கால் நீரும் வண்டியின் மின்சாரமும்

உழவர்க்கு ஏரிப்பாசனம் தெரியும். ஏரியில் நீர்மட்டம் உயர்ந்திருந்தாலும், வாய்க்காலில் வண்டல் அடைத்திருந்தால் கடைமடை வயலுக்கு நீர் சேராது. கடைமடையில் பயிர் வாடுவதைக் கண்டு ஏரி வற்றியது என்போமா? வயல்தான் கெட்டது என்போமா? வாய்க்கால் நெடுகிலும் நடந்து பார்ப்போம். பேட்டரி ஏரி, மோட்டார் கடைமடை வயல், கம்பிகளும் இணைப்புகளும் வாய்க்கால். நீர்மட்டத்தின் உயரத்தைப் போன்றது வோல்ட். பாயும் நீரின் அளவைப் போன்றது ஆம்பியர். வண்டலைப் போன்றது மின்தடை. ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஓம் 1827 இல் வெளியிட்ட விதிப்படி, ஆம்பியரைத் தடையால் பெருக்கினால் அவ்விடத்தில் இழக்கும் வோல்ட் கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சினைச் சுழற்றுகையில் மோட்டார் 200 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். துருப்பிடித்த இணைப்பு ஒன்றன் தடை ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு. 200 × 0.01 = 2 வோல்ட். பன்னிரண்டு வோல்ட்டில் இரண்டு வோல்ட் அந்தத் துருவிலேயே போய்விடும். இழந்த சக்தி 200 × 2 = 400 வாட்; அவ்வளவும் வெப்பமாக மாறும். இணைப்பு சுடுவதன் காரணம் இதுவே. ஆனால், வண்டியின் முகப்பு விளக்குகள் பத்து ஆம்பியர் அளவே இழுப்பவை. அதே தடையில் அவை இழப்பது 0.1 வோல்ட்தான். ஆகவே, “விளக்கு பளிச்சென்று எரிகிறது, மின்பாதை நன்றாகத்தான் இருக்கிறது” என்னும் முடிவு தவறானது. சிறு ஓட்டத்திற்குப் போதுமான வாய்க்கால், பேரோட்டத்திற்குப் போதாது.

3. தொடங்குமுன் பாதுகாப்பு

பழுதைவிட உயிர் பெரிது. பின்வருவனவற்றைச் சிறிதும் தளர்த்தலாகாது.

வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். கைபிரேக் போட்டிருக்க வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை வைக்க வேண்டும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரியின் முனைகளுக்கிடையே உலோகம் பட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்து சதையைச் சுடும். பேட்டரி மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதனருகே பீடி, தீக்குச்சி கூடா. பேட்டரியைக் கழற்றும்போது எர்த்து கம்பியை முதலில் எடுத்து, பூட்டும்போது இறுதியில் இணைக்க வேண்டும்.

ஸ்குரூடிரைவரால் சாலனாய்டின் இரு முனைகளையும் குறுக்கே தொட்டு வண்டியைத் தொடங்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. டிராக்டரில் இவ்வாறு செய்பவர் முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையே நிற்கிறார். கியர் மாட்டியிருந்தால், எஞ்சின் பிடித்த மறுகணம் பின்சக்கரம் அவர்மீதே ஏறும். இவ்வழக்கத்தை எந்தச் சங்கமும் அனுமதிக்கலாகாது.

4. ஒலியும் விளக்கும் சொல்லும் செய்தி

மீட்டர் கையில் இல்லாதபோதும், முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பினால் பாதிப் பழுதை அறியலாம். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் விலகி நின்று விளக்கைப் பார்த்து, ஒலியைக் கேட்க வேண்டும்.

(அ) ஒலியே இல்லை, விளக்கு மங்கவில்லை. சாலனாய்டுக்குச் சிறு மின்னோட்டம் வரவில்லை. சாவிச் சுவிட்சு, மெல்லிய கம்பி, சில வண்டிகளில் உள்ள கிளச்சு அல்லது நியூட்ரல் பாதுகாப்புச் சுவிட்சு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

(ஆ) “டக், டக்” என்று அடுத்தடுத்து ஒலி. விளக்கு மிக மங்குகிறது. பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது அதன் முனைப்பிடிகள் பாசம் பிடித்திருக்கின்றன.

(இ) அதே ஒலி. ஆனால் விளக்கு மங்கவில்லை. பேட்டரி நன்று, எஞ்சினுக்கும் சட்டத்திற்கும் இடையேயுள்ள எர்த்து பாதையை முதலில் ஐயுற வேண்டும். நம் வண்டியில் நேர்ந்தது இதுவே. சாலனாய்டின் உள்ளே தண்டைப் பிடித்து நிறுத்தும் சுற்று அறுந்திருந்தாலும் இவ்வாறு துடிக்கும்.

(ஈ) ஒரே ஒரு “டக்”, விளக்கு மங்கவில்லை. சாலனாய்டின் செம்புத் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். கார்பன் பிரஷ்கள் தேய்ந்து காமுட்டேட்டரைத் தொடாமல் இருக்கலாம்.

(உ) ஒரே “டக்”. விளக்கு மிக மங்குகிறது. மோட்டார் இழுக்கிறது, சுழல முடியவில்லை. பல்சக்கரம் சிக்கியிருக்கலாம், புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசலாம், எஞ்சினே இறுகியிருக்கலாம்.

(ஊ) மோட்டார் விர்ரெனச் சுழல்கிறது; எஞ்சின் அசையவில்லை. ஒருவழிக் கிளச்சு நழுவுகிறது. அல்லது பல்வளையத்தில் பற்கள் தேய்ந்துள்ளன. எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் ஒன்றிரண்டு குறிப்பிட்ட நிலைகளிலேயே நிற்பதால், அவ்விடத்துப் பற்களே மிகுதியாகத் தேயும். எஞ்சினைக் கையால் சற்றுத் திருப்பிவிட்டதும் மோட்டார் பிடித்தால், குறை பல்வளையத்தில் இருப்பது உறுதியாகும்.

(எ) சாவியை விட்ட பின்னும் மோட்டார் சுழல்கிறது. தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. உடனே பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இன்றேல் மோட்டார் கருகிப்போகும்.

5. மீட்டர் வைத்து ஐந்து அளவுகள்

ஒலி ஐயத்தைத் தரும். மீட்டர் தீர்ப்பைத் தரும். சோதனையின்போது எஞ்சின் பிடித்துக்கொள்ளாதபடி டீசல் வண்டியில் நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடிக்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் காயிலுக்கு வரும் கம்பியை எடுத்துவிட வேண்டும். ஒரு முறைக்குப் பத்து வினாடிகளுக்கு மேல் மோட்டாரைச் சுழற்றலாகாது. இடையே ஒரு நிமிடமாவது அதனை ஆறவிட வேண்டும். பின்வருவன 12 வோல்ட் வண்டிக்கு உரியவை. எதிர்முனை எர்த்தாக உள்ள வண்டியை மனத்திற்கொண்டு எழுதினோம். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் நேர்முனை எர்த்தாக இருக்கும். முதலில் அதனைப் பார்த்துக்கொள்க.

முதல் அளவு: வண்டி ஓய்ந்திருக்கையில் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே. நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழ் என்றால் மின்னேற்றம் செய்தாலன்றி மேற்கொண்டு சோதிப்பது வீண். திரவத்தை ஹைட்ராமீட்டரால் அளப்பதும் நன்று; 1.250க்கு மேல் நிறைவு, 1.200க்குக் கீழ் குறைவு. ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால், அந்த அறை கெட்டது.

இரண்டாம் அளவு: மோட்டார் சுழல்கையில் அதே முனைகளுக்கிடையே. பத்து வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால் நலம். 9.5க்குக் கீழே சரிந்தால் பேட்டரி வலுவற்றது. அல்லது மோட்டாரோ எஞ்சினோ அளவுக்கு மீறி இழுக்கிறது. நல்ல பேட்டரி ஒன்றை மாற்றி வைத்துப் பார்த்தால் இவ்விரண்டில் எது என்பது விளங்கும்.

மூன்றாம் அளவு: சுழற்றுகையில், பேட்டரியின் நேர்முனைக்கும் மோட்டாரின் தடித்த முனைக்கும் இடையே. அரை வோல்ட்டுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால், முனைப்பிடி, கம்பி, சாலனாய்டின் இரு பெரிய முனைகள் என்று ஒவ்வொரு பகுதியாக அளந்து வர வேண்டும். சாலனாய்டின் பெரிய முனைகளுக்கிடையே முழுப் பன்னிரண்டு வோல்ட் நின்றால், உள்ளே தொடுமுனைகள் இணையவில்லை என்று பொருள்.

நான்காம் அளவு: சுழற்றுகையில், பேட்டரியின் எதிர்முனைக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே. ஏறக்குறைய 0.3 வோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். நம் வண்டியில் இவ்விடத்தில் மீட்டரின் முள் பல வோல்ட் தூரம் துள்ளியது. உடனே அத்தொழிலாளி, தடித்த ஜம்பர் கம்பி ஒன்றைப் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து எஞ்சின் உடலுக்குக் கொடுத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். முதல் சுழற்சியிலேயே எஞ்சின் முழங்கியது.

ஐந்தாம் அளவு: சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கையில், சாலனாய்டின் மெல்லிய கம்பி முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே. பேட்டரியின் வோல்ட்டுக்கு அண்மையில் இருக்க வேண்டும். மிகக் குறைந்தால் குறை சாவிச் சுவிட்சில் அல்லது அக்கம்பியில் உள்ளது.

இந்த ஐந்தும் சரியாயிருந்து, கையால் திருப்பும்போது எஞ்சினும் இறுக்கமின்றித் திரும்பினால், அதன்பின்னரே மோட்டாரைக் குற்றவாளியாகக் கொள்ள வேண்டும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் பாவையே வெட்டி எறிவதில்லை. விழுதிலும் அச்சிலும் இழையைத் தேடி, அறுந்த முனையைக் கண்டு முடிச்சிடுகிறார். தறியில் நாம் காட்டும் பொறுமையை வண்டியிலும் காட்டுவோமாக.

6. பழுது நீக்கும் முறை

செலவில்லாத வேலைகளை முதலில் செய்க. பேட்டரி முனைகளில் வெண்ணிறமாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால், வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்நீர் அறைகளுக்குள் புகாதபடி மூடிகள் இறுகியிருத்தல் அவசியம். உலர்ந்த பின் பிடிகளை முறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். எர்த்து பட்டையின் இரு முனைகளிலும் வண்ணப்பூச்சையும் துருவையும் நீக்கி, உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி இறுக்கிய பின்னரே கிரீசு பூச வேண்டும். பட்டை இற்றிருந்தால் அதே பருமனுள்ள புதியதைப் போடுக. மெல்லிய கம்பி சிக்கனமாகாது.

மோட்டாரையே கழற்ற வேண்டி வந்தால், எர்த்து கம்பியை நீக்கி, ஒவ்வொரு கம்பிக்கும் அடையாளச் சீட்டுக் கட்டி, மோட்டாரின் எடையைத் தாங்கிக்கொண்டு போல்ட்டுகளை எடுக்க வேண்டும். இடையே தகடுகள் இருந்தால் அவற்றைப் பத்திரப்படுத்துக. பற்களின் இடைவெளி அவற்றைப் பொறுத்தது.

கார்பன் பிரஷ்கள் புதியதன் நீளத்தில் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுக. பிரஷ் தன் கூட்டினுள் தடையின்றி நகர வேண்டும், வில் தளர்ந்திருக்கலாகாது. காமுட்டேட்டரைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, கறையிருந்தால் மிக நுண்ணிய கண்ணாடித் தாளால் தேய்க்கலாம். எமரித் தாள் கூடாது. அதன் துகள்கள் செம்பில் பதிந்து கேடு செய்யும். செம்புத் துண்டுகளுக்கிடையேயுள்ள மைக்காவைக் குடைந்து தாழ்த்துவது டைனமோவுக்கு உரிய வேலை. செல்ஃப் மோட்டார்கள் பலவற்றில் அதனைச் செய்யலாகாது என்பது செய்தவர்களின் கட்டளை.

பேட்டரியோடு சிறு விளக்கொன்றை இணைத்துச் சுற்றுகளைச் சோதிக்கலாம். காமுட்டேட்டருக்கும் ஆர்மேச்சர் தண்டுக்கும் இடையே விளக்கு எரியலாகாது. எரிந்தால் உள்ளே சுற்று உடலைத் தொடுகிறது. இச்சோதனைக்கு வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. புஷ் தேய்ந்து தண்டு ஆடினால் புதிய புஷ் போட வேண்டும்; துளைகளுள்ள வெண்கலப் புஷ்ஷைப் பொருத்துமுன் ஒரு நாள் முழுதும் தூய எஞ்சின் எண்ணெயில் ஊறவைப்பது முறை. பெண்டிக்ஸ் வகையின் திருகுவரையை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துக. கிரீசு தடவினால் கிளச்சுத் தூசி ஒட்டிக்கொண்டு சக்கரம் ஏறாமல் நின்றுவிடும். ஆர்மேச்சர் கருகியிருந்தால் மட்டுமே மறுசுற்று வேண்டுமா, மாற்று மோட்டார் வேண்டுமா என்னும் கேள்வி எழும்.

7. சங்கத்தார் கைக்கொள்ள வேண்டியவை

தனியொருவன் தன் வண்டியில் ஊகத்தால் செலவு செய்தால் நட்டம் அவனோடு முடியும். சங்கத்து வண்டியில் செய்யும் ஊகம், கூடு வளர்த்தவர், கேழ்வரகு விளைத்தவர், துணி நெய்தவர் ஆகிய அனைவருடைய பணத்தின்மேல் செய்யப்படுவது. ஆகவே நான்கு நடைமுறைகளைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, உதிரிப்பாகம் வாங்கும் தீர்மானத்தோடு மேற்சொன்ன ஐந்து அளவுகளும் எழுதிய தாள் ஒன்றனை, சோதித்தவர் கையொப்பத்துடன், செலவுச் சீட்டில் இணைத்தல் வேண்டும். மூன்று விலைப்புள்ளிகள் பொருளின் விலையைச் சரிபார்க்கும். பொருள் தேவையா என்பதை அவை சொல்லமாட்டா.

இரண்டாவது, கழற்றிய பழைய பாகத்தைச் சங்கத்திற்கே கொண்டுவந்து இருப்புப் பதிவேட்டில் பதிய வேண்டும். மோட்டாரில் செம்பு உள்ளது. பழுதானாலும் அதற்கு மதிப்புண்டு. பழுதாகாமல் இருந்தால், நம் அனுபவம் காட்டுவதுபோல், அதுவே பெருஞ்சொத்து.

மூன்றாவது, வண்டியின் லாக் புத்தகத்தில் ஓடிய தூரத்தோடு ‘தொடங்கும் தன்மை’ என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். ‘காலையில் மெதுவாகச் சுழன்றது’ என்று ஓட்டுநர் எழுதும் ஒரு வரி, கூடு ஏற்றிய நாளில் வண்டி நிற்பதைத் தடுக்கும். அவ்வாறு எழுதுபவரைக் குறைகூறுபவர் என்று கருதாமல் நன்றி பாராட்ட வேண்டும்.

நான்காவது, மழைக்காலத்திற்கு முன் ஆண்டுதோறும் ஒரு முறை பேட்டரி முனைகளையும் எர்த்து பட்டையையும் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். இதற்கு வேண்டுவது அரை நாள் உழைப்பும் சிறிது வாசலினும்தான்.

அச்சங்கத்தின் அடுத்த ஆய்வுக் குறிப்பில், முந்திய ஆய்வில் நாம் கேட்கத் தவறிய கேள்வியையும் சேர்த்தே எழுதினோம். பிறர் கணக்கில் பிழை காண்பவன் தன் பிழையை ஏட்டில் ஏற்றாவிட்டால், அவன் எழுதும் மற்றக் குறிப்புகளுக்கு என்ன மதிப்பு இருக்கும்? எர்த்து பட்டை மாற்றப்பட்டது. அதன் விலை, வாங்கிய மோட்டாரின் விலையில் ஒரு சிறு பின்னமே. அதன்பின் அவ்வண்டி மழையிலும் தவறாமல் தருமபுரிக்குச் சென்று வருகிறது.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. முகப்பு விளக்கு பளிச்சென எரிவதால் மின்பாதை நன்றாக உள்ளது என்று ஏன் முடிவு செய்யலாகாது?

2. மோட்டார் 250 ஆம்பியர் இழுக்கிறது. ஓர் இணைப்பின் தடை 0.004 ஓம். அவ்விடத்தில் இழக்கும் வோல்ட் எவ்வளவு? அது ஏற்கத்தக்கதா?

3. ‘புதிய பாகம் போட்டதும் வண்டி ஓடியது, ஆகவே பழைய பாகம்தான் பழுது’ என்னும் வாதத்தில் உள்ள குறை யாது?

4. சென்ற மூன்று ஆண்டுகளில் உங்கள் சங்கம் வாங்கிய உதிரிப்பாகங்களில், சோதனைக் குறிப்புடன் வாங்கியவை எத்தனை? கழற்றிய பழைய பாகங்கள் எங்கே உள்ளன?

5. உங்கள் சங்கத்து வண்டியில் எர்த்து பட்டை எவ்விடத்தில் பொருத்தப்பட்டுள்ளது? கூட்டம் முடிந்ததும் அங்கத்தினர் இருவர் ஓட்டுநருடன் சென்று பார்த்து வருக.